பற்றறுத்தலா, விலகிப்போதலா? கணவரின் வழிபாட்டைக் குறித்து ஒரு கேள்வி

கேட்பவர்: வளவுவீட்டுப் பெண்

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானை ஒட்டிய ஓர் ஊரில் கணவருடனும் மாமியாருடனும் வசித்து வருகிறேன். எனக்கு வயது 43. என் கணவர் சிங்கப்பூரில் 14 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சென்ற ஆண்டு சித்திரையில் ஊரோடு வந்துவிட்டார். மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள்.

ஊருக்கு வந்த சில மாதங்களிலேயே அவருக்கு வழிபாட்டில் நாட்டம் மிகுந்தது. நான்கு மணிக்கு எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு ஜபமும் தியானமுமாக இரண்டு மணி நேரம் உட்காருவார். மாலையில் ஒரு மடத்தில் நடக்கும் வேதாந்த வகுப்புக்குப் போய்வருவார். சிங்கப்பூரில் இருந்த காலத்தில் தொலைபேசியிலேயே கத்தித் தீர்க்கும் அவருடைய முன்கோபம் இப்போது இருந்த இடம் தெரியவில்லை. அதற்காக நான் உண்மையாகவே மகிழ்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை.

ஆனால் கோபம் போன வழியிலேயே வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து போய்விட்டதாக எனக்குத் தோன்றுகிறது. கடந்த ஆடியில் என் அப்பச்சி, அதாவது என் தந்தை, காலமானார். காரியங்கள் எல்லாம் முடிந்து வீடு திரும்பிய இரவில், அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை, வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோது வெடித்துவிட்டது. அங்கே வந்த என் கணவர், மிகவும் மென்மையான குரலில், "உடம்புதான் போகும், ஆன்மா போகாது, இதற்கு அழுவது அறியாமை" என்று சொல்லிவிட்டு, ஜபத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அவர் சொன்னதில் தவறு என்று எதையும் என்னால் காட்ட முடியாது. இருந்தாலும் அவர் முன்போலக் கத்தியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பிறகு ஒருநாள் இதைப் பற்றிப் பேச முயன்றபோது, "எனக்கு யார்மீதும் கோபமும் இல்லை, எதன்மீதும் ஆசையும் இல்லை" என்று முடித்துக்கொண்டார்.

உறவினர்களிடம் சொன்னால், குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, சாமி கும்பிடுகிற மனிதரைப் போய் யாராவது குறை சொல்வார்களா என்கிறார்கள். என் அப்பத்தாவின் காலத்தில் ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்றாண்டுக் கணக்கில் கொண்டுவிக்க, அதாவது வணிகம் பார்க்க, போனார்கள். பெண்கள் இத்தனை பெரிய வீடுகளில் மாமியாரோடும் பிள்ளைகளோடும் காத்திருந்தார்கள். நானும் 14 ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். அந்தக் காத்திருப்புக்கு ஒரு தவணை இருந்தது. இப்போது ஆள் வீட்டிலேயே இருக்கிறார்; என் காத்திருப்புக்கோ தவணை இல்லை. எங்கள் நகரத்தார் கோயில் கணக்கில் கணவன் மனைவி சேர்ந்த குடும்பம் ஒரு புள்ளி; எங்கள் இருவரையும் சேர்த்து ஒரே புள்ளியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்குள் நாங்கள் இரண்டு புள்ளிகளாக இருக்கிறோம்.

இது ஆன்மிக வளர்ச்சியா, அல்லது என்னிடமிருந்து விலகிப்போவதா என்பதை எதைக் கொண்டு அறிவது? என்னுடைய இந்த ஏக்கமே அவருடைய பாதைக்கு இடையூறாக இருக்குமோ என்ற குற்ற உணர்வும் எனக்கு உண்டு.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை

அன்புள்ள அம்மா, உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அந்தக் குற்ற உணர்வைத்தான் முதலில் இறக்கி வைக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. மனைவியின் அன்பு வீடுபேற்றுக்குத் தடை என்பது நம் மரபின் ஒரே குரல் அன்று. தொல்காப்பியர் கற்பியலில், இல்லற வாழ்வின் பயனைச் சொல்லும் இடத்தில், "கிழவனும் கிழத்தியும் சிறந்தது பயிற்றல் இறந்ததன் பயனே" என்கிறார். மக்களும் சுற்றமும் சூழ, தலைவனும் தலைவியும் சேர்ந்து சிறந்ததைப் பயில வேண்டும் என்பது அதன் கருத்து. கிழவன் மட்டும் பயிலட்டும், கிழத்தி அவனுக்கு வெந்நீர் வைக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை.

அடுத்து, தில்லையில் வாழ்ந்த திருநீலகண்ட நாயனாரை நினைத்துப் பாருங்கள். பரத்தையிடம் சென்று வந்த கணவரிடம் "எம்மைத் தீண்டுவீராயின் திருநீலகண்டம்" என்று மனைவியார் ஆணையிட்டார். "என்னை" என்னாமல் "எம்மை" என்று பன்மையில் சொல்லிவிட்டதால், எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என்று அந்தக் குயவர் உறுதி பூண்டார். இருவரும் ஒரே வீட்டில், அயலார் ஒருவருக்கும் தெரியாதபடி, இளமை போய் முதுமை வரும்வரை தீண்டாமலே வாழ்ந்தார்கள். இதை வைராக்கியத்தின் உச்சம் என்றுதான் மேடைகளில் பேசுவோம். நானும் வகுப்பில் முப்பது ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை என்பதை வயதான பிறகே கவனித்தேன். சிவயோகியாக வந்த இறைவர் ஒரு திருவோட்டைக் கொடுத்துவைத்து, பிறகு அதை மறையச் செய்து, "நீ திருடவில்லை என்றால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்" என்று பிடிவாதம் பிடிக்கிறார். நாயனாரும் மனைவியாரும் ஒரு மூங்கில் தண்டின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். யோகியார் அதையும் ஏற்கவில்லை. கையைத்தான் பிடிக்க வேண்டும் என்கிறார். வேறு வழியின்றி, அத்தனை ஆண்டுகள் மறைத்து வைத்திருந்ததை ஊரார் கேட்க நாயனார் தம் வாயாலேயே சொல்கிறார். சொல்லிவிட்டு மூழ்கிய பிறகே இருவரும் இளமை பெற்று எழுகிறார்கள். சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் என்று இன்றும் அந்த இடத்தைக் காட்டுகிறார்கள். தீண்டாமல் இருந்த உறுதியை இறைவர் மதித்தார் என்பது உண்மை; ஆயினும் அந்த மௌனத்தை அவர் உடைக்காமல் விடவில்லை.

உங்கள் வீட்டில் இருக்கும் மூங்கில் தண்டு எது என்று எனக்குத் தெரியாது. ஊடல் உப்பைப் போன்றது, அளவு சிறிது கூடினாலும் கெட்டுவிடும் என்று வள்ளுவர் 1302-ஆம் குறளில் சொல்கிறார். மௌனத்துக்கும் அந்த அளவு பொருந்தும் என்பேன்.

மறுமொழி 2: மனநல ஆலோசகர், காரைக்குடி

வணக்கம் சகோதரி. ஒருவரை நேரில் பார்க்காமல் அவருடைய மனத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் தொழிலுக்கு முறையாகாது. ஆகவே உங்கள் கணவரைப் பற்றி அல்லாமல், நீங்கள் கேட்டிருக்கும் "எதைக் கொண்டு அறிவது" என்ற கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உளவியலாளராகவும் பௌத்த தியானம் பயில்பவராகவும் இருந்த ஜான் வெல்வுட் என்ற அமெரிக்கர், 1984-இல் இதற்கு 'ஆன்மிகப் புறவழி' (spiritual bypassing) என்று ஒரு பெயரே வைத்தார். தீராத துயரம், பயம், உறவுச் சிக்கல் ஆகியவற்றின் வழியாக நடந்து போகாமல், ஆன்மிகக் கருத்துகளையும் பயிற்சிகளையும் புறவழிச் சாலையாக்கிச் சுற்றிக்கொண்டு போய்விடுவதைத்தான் அவர் அப்படிக் குறிப்பிட்டார். அவர் தியானத்துக்கு எதிரி அல்லர். தம்மோடு தியானம் பழகியவர்களிடமே இதைக் கண்டுதான் சொன்னார். இப்படிச் சுற்றிப் போகிறவர் வேண்டுமென்று ஏமாற்றுவதில்லை. அமைதி வந்துவிட்டதாக அவரும் மனமார நம்புகிறார்.

வெளியிலிருந்து பார்த்தால் அமைதியும் அடக்கி வைத்தலும் ஒன்று போலவே தெரியும் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர், ஓராண்டு வயதை ஒட்டிய குழந்தைகளையும் தாய்மாரையும் ஓர் அறையில் வைத்து, தாய் சில நிமிடங்கள் வெளியே போய்த் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று கவனித்தார். பல குழந்தைகள் அழுது, தாயைக் கட்டிக்கொண்டு, பிறகு ஆறிப்போயின. சில குழந்தைகள் மட்டும் தாய் போனபோதும் அழவில்லை, வந்தபோதும் முகம் திருப்பிக்கொண்டு பொம்மையோடு விளையாடின. எவ்வளவு சமர்த்துப் பிள்ளை என்றுதான் யாருக்கும் தோன்றும். 1977-இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது, அந்தச் சமர்த்துப் பிள்ளைகளின் துடிப்பும் அழுத பிள்ளைகளுடையதைப் போலவே ஏறியிருந்தது தெரியவந்தது. பெரியவர்களுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. என்றாலும் "எனக்கு எதன்மீதும் ஆசை இல்லை" என்ற சொல்லை மட்டும் வைத்து உள்ளே இருப்பதை அறிய முடியாது என்பதற்காகச் சொன்னேன்.

ஆகவே நான் பார்ப்பது, ஒருவர் தியானத்தில் எவ்வளவு நேரம் உட்காருகிறார் என்பதை அன்று. எழுந்த பிறகு எப்படித் திரும்பி வருகிறார் என்பதை. நம் பகுதியில் மகனுக்குத் திருமணமானதும் ஒரே கூரையின் கீழேயே வேறு வைத்துவிடும் வழக்கம் உண்டல்லவா? வாசல் ஒன்று, முற்றம் ஒன்று, உலை மட்டும் வேறு. நெருங்கியிருப்பதற்கும் கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். வின்னிகாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1958-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அன்புக்குரியவர் அருகில் இருக்கும்போதே தனித்திருக்க முடிவதை மன முதிர்ச்சியின் அடையாளமாகச் சொல்கிறார். ஆகவே நான்கு மணி ஜபம் அவருடைய தனி உலையாக இருந்துவிட்டுப் போகட்டும். அவர் முற்றத்துக்கு வருகிறாரா, வந்தால் அங்கே அழுதுகொண்டிருப்பவரின் பக்கத்தில் உட்கார முடிகிறதா என்பதுதான் கேள்வி.

பேசும்போது, "நீங்கள் மாறிவிட்டீர்கள்" என்று தொடங்காதீர்கள், அது வழக்காகிவிடும். ஆடி மாதத்து அந்த இரவை மட்டும் எடுத்துக்கொண்டு, "அப்போது எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை, நீங்கள் சிறிது நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது" என்று ஒரே செய்தியாகச் சொல்லிப் பாருங்கள். பதிலை உடனே எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. பசி, தூக்கம் குறைந்திருந்தாலோ, முன்பு விரும்பிச் செய்தவை எல்லாவற்றிலும் நாட்டம் விட்டுப்போயிருந்தாலோ, அதைப் பற்றறுத்தல் என்று எண்ணிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மனச்சோர்வும் ஆசையின்மை போலவே தோற்றமளிக்கும். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

மறுமொழி 3: பள்ளத்தூர்க்காரி

அக்கா, எல்லாரும் அவருடைய மனத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் ஒன்றை மட்டும் கேட்கிறேன். நான்கு மணிக்கு அவர் உட்காருவதற்கு முன்னால் பூசை அறையைக் கூட்டி மெழுகி, விளக்கைத் துலக்கித் திரி போட்டு வைப்பது யார்? வெங்காயம் பூண்டு இல்லாமல் அவருக்கென்று தனியாகச் சமைப்பது யார்? மூச்சு வாங்கும் அளவுக்குப் பெரிய வீட்டில் மாமியாரைப் பார்த்துக்கொள்வது யார்? பற்றை விட்டவர் காப்பியை விட்டாரா என்றும் தெரிந்துகொள்ள ஆசை. ஒருவருடைய துறவு இன்னொருவருடைய உழைப்பின்மேல் நடக்கும்போது, அந்த இன்னொருவருக்கு அன்றாடம் அரை மணி நேரமாவது சொந்தமாக இருக்க வேண்டும். அவர் மாறும்வரை காத்திருக்காமல் அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 1-இன் தொடர்ச்சி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை

ஆலோசகர் எழுதியது எனக்குப் பயனுள்ளதாக இருந்தது. ஆனால் ஒரு சிறு தயக்கம். வழிபாட்டையெல்லாம் தப்பித்தல் என்று பார்க்கப் பழகிவிட்டால், துயரத்தில் சாமியிடம் போய் நிற்கும் எளிய மனிதரையும் நோயாளி ஆக்கிவிடுவோம். துயரத்தில் கோயிலுக்கு ஓடாமல் வேறு எங்கே ஓடுவது?

மறுமொழி 2-இன் தொடர்ச்சி: மனநல ஆலோசகர், காரைக்குடி

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஓடிப்போய் நின்று அழுகிறவர் எதையும் மறைக்கவில்லை. நான் சொன்னது, அழ வேண்டியதை அழாமல் இருப்பதற்காகப் போகிறவரைப் பற்றி. இரண்டும் ஒரே மனிதரிடம் ஒரே நாளில்கூட நடக்கலாம்.

மறுமொழி 4: காவடிக்காரன்

தங்கைக்கு வணக்கம். உங்கள் கணவர் இருக்கும் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். அதனால் அவர் பக்கத்தைச் சொல்லத் தோன்றுகிறது. நான் துபாயில் 17 ஆண்டுகள் கணக்கு வேலை பார்த்தவன். ஓர் அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். வீட்டிலிருந்து ஏதாவது துயரச் செய்தி வந்தால், மேல் கட்டிலில் இருப்பவர் தூங்க வேண்டும் என்பதற்காக, "சரி, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டு வார்த்தையில் பேச்சை முடித்துவிட்டுத் தலையணையில் முகத்தை வைத்துக்கொள்வோம். இப்படியே 17 ஆண்டுகள் பழகியவனுக்கு, ஊருக்கு வந்ததும் நீட்டிப் பேச வருமா?

நான் திரும்பி வந்தபோது வீடு நான் இல்லாமலே நன்றாக நடந்துகொண்டிருந்தது. எந்தப் பெட்டியில் எந்தச் சாவி, பால்காரருக்கு எவ்வளவு பாக்கி, ஓடு மாற்ற யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முகப்பில் உட்கார்ந்தால் விருந்தாளியைப் போல இருந்தது. பூசை அறையில்தான் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பூவை எடுத்து வைக்கலாம், மணியடிக்கலாம், மந்திரம் சொல்லலாம். பக்தி என்று நானும் நம்பினேன், பக்தியும் இருந்தது. அதற்குள் இந்தக் கூச்சமும் ஒளிந்துகொண்டிருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடந்தேன். போகும்போது எல்லாரும் உற்சாகமாக அரோகரா போட்டுக்கொண்டு போவோம். நம் காவடி பூசம் முடிந்ததும் பேருந்தில் ஏறிவிடாமல் நடந்தேதான் ஊர் திரும்பும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் திரும்பும் நடையில் கால் கொப்புளத்தோடு பின்தங்கிப்போய், முன்பின் தெரியாத ஒரு பெரியவரோடு நடந்துகொண்டிருந்தபோது, துபாயில் இருந்தபோது இறந்துபோன என் தம்பியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா கூடவே நடந்தார். இதை என் மனைவியிடம் ஒருநாளும் பேசியதில்லையே என்பது வீட்டு வாசலில் கால் கழுவும்போதுதான் உறைத்தது.

பள்ளத்தூர்த் தங்கை சொன்னது எனக்கும் சுருக்கென்று தைத்தது. ஆகையால் ஒரு வழி சொல்கிறேன்: அவரிடம் பேச்சைக் கேட்காதீர்கள், வேலையைக் கொடுங்கள். விளக்கை அவரே துலக்கட்டும். சந்தைக்கு உங்களோடு வரட்டும். எங்கள் வீட்டில் பேச்சு திரும்பி வந்தது சந்தையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதுதான். எதிரெதிரே உட்கார்ந்தால் எங்களைப் போன்ற ஆட்களுக்கு நாக்கு எழாது.

கேட்பவரின் மறுமொழி: வளவுவீட்டுப் பெண்

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐப்பசியில் கேட்ட கேள்விக்கு மார்கழியில் வந்து எழுதுகிறேன்; தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர்த் தங்கை சொன்னதைத்தான் முதலில் செய்தேன், ஏனெனில் அதற்கு யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை. மாலையில் அரை மணி நேரம் மாடியில் தனியாக உட்காருகிறேன். அங்கே நான் ஜபமும் செய்வதில்லை, ஒன்றும் செய்வதில்லை.

பிறகு ஆலோசகர் சொன்னபடி ஆடி மாதத்து இரவைப் பற்றி முகப்பில் வைத்துச் சொன்னேன். என் கணவர் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மூன்று நாட்கள் முன்னைவிட அமைதியாகிவிட்டார், ஏன் சொன்னோம் என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது. நான்காம் நாள் காலையில் பூசை அறையிலிருந்து வழக்கத்துக்கு முன்பே எழுந்து வந்து, "ஜபத்தில் எண்ணிக்கை தவறிப்போய்க்கொண்டே இருக்கிறது, மூன்று நாளாக ஓடவில்லை" என்று அடுப்படி வாசலில் நின்று சொன்னார். எனக்கு உடனே பழைய குற்ற உணர்வு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தைதான், "கணக்குத் தவறினால் முதலிலிருந்து எண்ண வேண்டியதுதானே, அதற்கு ஏன் அடுப்படிக்கு வந்தாய்?" என்று கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டார். அங்கேயே பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, என் அப்பச்சி கடைசி நாட்களில் என்னென்ன சாப்பிட்டார்கள், யாரையெல்லாம் தேடினார்கள் என்று விசாரித்தார். நான் சொல்லிக்கொண்டே அழுதேன். அவர் எழுந்து போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது, அதன் பிறகும் அவர் பல நாட்கள் பேசாமலே இருக்கிறார், வேதாந்த வகுப்புக்கும் போகிறார்.

விளக்குத் துலக்குவதை அவரே செய்கிறார். புளியைப் போட்டுத் தேய்க்கத் தெரியாமல் முதல் வாரம் பித்தளை கறுத்தே இருந்தது. அடுத்து, பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கும் வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒன்றாகக் கோடி வேட்டியிலிருந்து நூல் எடுத்து, 21 இழை சேர வேண்டும் அல்லவா? இத்தனை ஆண்டுகள் அதை அத்தை செய்து வந்தார்கள். பதினோராம் நாள் இவர் மறந்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் காலையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு இரண்டாக எடுத்து வைத்தார். அத்தை பார்த்துவிட்டார்கள், ஒன்றும் சொல்லவில்லை. நோன்புக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன, மகளும் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறாள்.